கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்த சருகு

குளிர்காலக் கடைசியில் மன்னிப்பு ஞாயிறு வந்தால் எங்கள் ஒஹ்ரிட் ஊரில் தெருமுனையெல்லாம் தீ மூட்டுவார்கள். சிறியவர்கள் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். என்ன தப்பு என்று பெரியவர்கள் கேட்கக் கூடாது. அப்படியே மன்னித்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கிலிமேயை மன்னிக்க மட்டும் எனக்குத் தனித் தெம்பு வேண்டும். என் காபிக்கடை வாசலில் நிற்பது குதிரைச் செஸ்ட்நட் மரம். உதிர்ந்த இலைக்குள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் அந்துப்பூச்சி, வசந்தத்தில் எழுந்து மரமேறி முட்டையிடும். அதன் புழு இலையை உள்ளிருந்தே தின்னும். கோடை பாதி தாண்டுவதற்குள் மரம் வெந்துபோய் நிற்கும். என் மரத்து இலை பாதி கிலிமேயின் முற்றத்தில்தான் விழுகிறது. அந்தச் சோம்பேறி அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். கொளுத்துடா என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

வரும் கோடையிலும் காய்ந்தால் வெட்டிவிடுவோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். நிழல் போனால் என் கடைக்கு யார் வருவார்கள்? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

தலைநகர் ஸ்கோப்யேயில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் என் தங்கை மகள் பிசெர்காதான் வழி சொன்னாள். அந்தப் பூச்சியின் எதிரியான பொடிக் குளவியும் அதே சருகுக்குள்தான் தூங்குகிறதாம். கொளுத்தினால் அதுவும் சேர்ந்து சாகும். அதனால் இலையுதிர்காலத்திலேயே என் பக்கத்துச் சருகை வாரி ஒரு ட்ரம்மில் போட்டு, பொடிக்கண் வலை கட்டிவைத்தோம். வசந்தத்தில் குளவி வலைக்கண் வழியாக வெளியே வந்துவிடும், பூச்சி உள்ளேயே சாகும். ட்ரம்மை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எலி புகுந்துவிடுமோ, பூஞ்சை பிடித்துவிடுமோ என்று நானும் ஜன்னலே கதியாகக் கிடந்தேன்.

மன்னிப்பு ஞாயிறு அன்று மாலை பாலாடைக்கட்டி ரொட்டி சுடுவதற்காகத்தான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன். கிலிமே வந்தான். ஆரஞ்சை நீட்டி, கையை முத்தமிட்டு, மன்னிப்புக் கேட்டான். மன்னித்தேன் என்றேன். அவன் முகமெல்லாம் பல்.

“இந்த வருஷம் நீ என்னைத் திட்டவே முடியாதுக்கா. உன் ட்ரம்முல இருந்த சருகைக்கூட நானே தீயில கொட்டிட்டேன்.”

வாசலுக்கு ஓடினேன். ட்ரம் கவிழ்ந்து கிடந்தது, வலை சேற்றில் கிடந்தது. தெருமுனையில் பிள்ளைகள் தீயைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். வாய் நிறைய வசவு வந்தது. ஆனால் மன்னித்தேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேனே.

“கூண்டுக்குப் பின்னால இருந்தது?” என்று கேட்டேன்.

அவன் முகம் தொங்கிப்போனது. “அதைத்தான்க்கா முதல்ல கொளுத்தப் பார்த்தேன். நனைஞ்சு கிடக்கு, பத்தவே மாட்டேங்குது. கோவிச்சுக்காத, காய்ஞ்சதும் கொளுத்திடறேன்.”

படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அடிக்கப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டடி தள்ளி நின்றான். அந்த ஈரத்தில் குளவி உயிரோடு இருக்குமோ, அழுகிப்போயிருக்குமோ, வசந்தம் வந்தால்தான் தெரியும். ஆனாலும் ஊரிலேயே எனக்கு மிச்சமிருந்தது, கொளுத்தச் சொல்லி நான் இத்தனை வருஷம் கத்திய அந்தக் குவியல்தான்.

எங்கள் வழக்கத்தில் பெரியவர்கள் சிறியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. அவன் தந்த ஆரஞ்சையே அவன் கையில் திருப்பி வைத்தேன்.

“மன்னிச்சிடு கிலிமே. அந்தச் சருகை எனக்குக் குடு.”

என்ன தப்பு என்று அவனும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனான்.