ஒரு லட்சத்து எட்டு

ஒரு லட்சத்து எட்டைப் பத்தால் வகுத்தால் எட்டு மிஞ்சும். இதற்கு ஆசிரியப் பயிற்சி தேவையில்லை. ஆனால் எங்கள் அம்மன் கோயில் சபைக்கு இது தெரியவர இரண்டு கூட்டம் எடுத்தது.

1972 இல் லட்சார்ச்சனை வைப்பதென்று முடிவாகியிருந்தது. நாமத்துக்கு ஒரு பூ, மேலே எட்டு, அது வழமை. உபயகாரக் குடும்பங்கள் பத்து. பூ எல்லாரும் சமமாகக் கொடுக்க வேண்டும். ஒரு பூக் கூடுதலாகக் கொடுத்தவர், பூசை முடிந்து ஐயர் மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டத்தைத் தனக்கே முதலில் தரச் சொல்லிக் கேட்பார். மிஞ்சிய எட்டுப் பூவைக் கொடுக்கப் பத்துப் பேரும் முன்வந்தார்கள்.

முன்பு குடும்பங்கள் பன்னிரண்டு. என் கணவர் பரமலிங்கமும் அவருடைய அக்கா அன்னபூரணமும் முதற் காளாஞ்சிக்காகச் சுவாமி வாசலிலேயே சண்டை பிடித்ததால் சபை இருவரையும் நீக்கியது. அதன்பின் பதினொரு வருடம் அவர்கள் பேசவில்லை. அன்னபூரணம் எனக்கு மச்சாள் ஆவதற்கு முன்பே பள்ளிக்கூடச் சிநேகிதி. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த கிடுகு வேலியை இவர் வருடா வருடம் உயர்த்தி அடைத்தார். அவளுடைய தலையைக்கூடக் காணாமல் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அதனால் மூன்றாவது கூட்டத்துக்கு நானே போனேன். கணக்கு ரீச்சர் என்று கோயில் மனேச்சர் முருகேசு அண்ணை கதிரை போட்டார். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது, ஆகவே மூன்றால் பிரியும். கடைசி இரண்டு இலக்கமும் நாலால் பிரியும். ஆகவே முழு எண்ணும் பன்னிரண்டால் பிரியும் என்று விளங்கப்படுத்தினேன்.

"பதினொண்டாலயும் பிரியாது அண்ணை. ஒண்டில் பத்தில ஒராள் விலகி ஒன்பதாக வேணும், இல்லாட்டி ரண்டு பேர் வரவேணும்."

ஒருவரும் விலகவில்லை. முருகேசு அண்ணை மூன்று தரம் வகுத்துப் பார்த்துவிட்டு, நீக்கிய இருவரையும் திரும்பச் சேர்க்க ஒத்துக்கொண்டார். ஆனால் பூக் குறைந்தால் உபயத்தில் பங்கும் இல்லை என்று ஒரு தீர்மானமும் போட்டார்.

ஆளுக்கு எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்து நாலு. நாரந்தனை வரைக்கும் ஓர் அலரி மரத்திலும் பூ மிஞ்சவில்லை. எண்ணித் தரட்டோ என்று இவரிடம் கேட்டேன். ரீச்சர் எண்ணிய பூ என்று அக்கா குறை சொல்லுவா என்று இவர் விடவில்லை, தானே எண்ணினார். குருநாகலில் இருபது வருடம் கடை நடத்தியவர். கணக்குப் பார்க்க அங்கே ஓர் ஆள் வைத்திருந்தார்.

மண்டபத்தில் கூடை கூடையாக எண்ணி வாங்கினார்கள். இவருடைய கூடையில் ஒரு பூக் குறைந்தது. முருகேசு அண்ணை தீர்மானத்தை நினைவூட்டினார். இவர் நிலத்தைப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடுங்கவும் ஊரில் பூ இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசிக் கூடை அன்னபூரணத்தினுடையது. அதில் ஒரு பூக் கூடுதலாக இருந்தது. பழையபடி காளாஞ்சிக்குத் தொடங்கிவிட்டா என்று சனம் முணுமுணுத்தது. அவள் எழும்பி வந்து, அந்தப் பூவை எடுத்துத் தம்பியின் கூடைக்குள் போட்டாள்.

"இவன் எண்ணினா ஒண்டு குறையும் எண்டு தெரியும். சின்னனில விளையாட மாபிள் எண்ணினாலும் இப்பிடித்தான். அதுதான் கூடக் கொண்டந்தனான்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு இவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"நான் சரியாத்தான் எண்ணினனான்," என்றார்.