பத்து நூறாயிரத்து மூன்று

மழை கழுவிய கூரைகளெல்லாம் இளவெயிலில் பளபளக்க, வண்டியோசையும் கூவி விற்போர் குரலும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு தெருவெங்கும் திரிந்த முற்பகல் வேளையில், அச்சகத்தின் மாடியறையில் மட்டும் இரு எழுதுகோல்களின் கீறலன்றி வேறொலி எழவில்லை. எதிரெதிர்ச் சுவரை நோக்கிய இரு மேசைகளில் கணவனும் மனைவியும் அமர்ந்து, ஒருவர் தாளை ஒருவர் பாராமல், ஒரே எண்ணை வகுத்துக்கொண்டிருந்தனர். பகா எண்களின் பட்டியல் நூலொன்றை ஈராண்டுகளாக இப்படித்தான் உருவாக்கி வந்தார்கள். இருவர் விடையும் ஒத்தாலன்றி எந்த எண்ணும் ஏட்டில் ஏறாது.

இறுதி எண் பத்து நூறாயிரத்து மூன்று. தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் அது வகுபடாதென்று காட்ட, ஆயிரத்துக்கு உட்பட்ட நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்தைக் கடந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இதைத் தாண்டிவிடுமாதலால், அதற்குமேல் தேடத் தேவையில்லை.

ஆனால் அன்பரே, மனைவியின் நெஞ்சை அரித்தது வேறொன்று. முகப்பில் கணவன் பெயர் மட்டுமே வரும் என்று அச்சகத்தார் ஒற்றைக்காலில் நின்றார். பாதி உழைப்பு அவளுடையது என்று கணவன் வாதாடிய போதெல்லாம், இருவர் விடையும் ஒன்றென்றால் இன்னொரு பெயர் எதற்கு, கணவன் தவறி மனைவி திருத்திய ஓர் எண்ணையாவது காட்டுங்கள் என்று அச்சகத்தார் சிரித்து மழுப்பினார். ஈராண்டில் அவர்கள் ஒருமுறைகூட வேறுபடவில்லை. பிழையின்மையே அவளுக்குப் பகையாயிற்று.

தாள்கள் கைமாறின. அவளுடையதில் எல்லா வரியிலும் மீதி இருந்தது. அவனுடைய கடைசி வரியிலோ, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தால் ஆயிரத்து மூன்று, மீதி இல்லை என்று கண்டிருந்தது. பெயர் கிடைத்துவிட்டதென்று அவள் உள்ளம் துள்ளியது. மறுநொடியே, ஆயிரத்து மூன்று பதினேழால் வகுபடும் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வரி மெய்யானால் பதினேழும் மீதியின்றி வகுத்திருக்க வேண்டும். அவன் தாளிலேயே பதினேழுக்கு மீதி பன்னிரண்டு. தவறியதன்று, வேண்டுமென்றே எழுதிய வரி அது.

"ஏங்க, பொய்க்கணக்கு போடக்கூடவா உங்களுக்குத் தெரியல?" என்றாள்.

"உன் பேரு வரணும். வேற வழி தெரியல," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி.

"வகுபடாத எண்ணை வகுபடும்னு எழுதி வர்ற பேரு எனக்கு வேணாங்க."

கடைசி வரியை அடித்து, மீதி பன்னிரண்டு என்று தன் கையால் எழுதினாள். ஆசை விட்டுப்போன வலி இருந்தது. ஆயினும் இப்படியொருவன் வாய்த்தானே என்ற மகிழ்ச்சி அதனினும் பெரிதாயிருந்தது. தாளை வாங்கப் படியேறி வந்த அச்சகத்தாரிடம் நடந்ததை ஒளிக்காமல் உரைத்தாள். அவள் அடித்துத் திருத்திய வரியை அவர் உற்றுப் பார்த்தார்.

"தனக்கு லாபமான பொய்யை யாரும்மா தானே வெளியில சொல்லுவாங்க? உங்க பேரும் வரும்," என்றார்.

அன்று மாலை முகப்புத்தாள் அச்சேறியது. அன்பினால் ஒருவன் சொன்ன பொய்யை எண் ஏற்கவில்லை, அவளும் ஏற்கவில்லை. அந்த அன்பை மட்டும் வைத்துக்கொண்டாள். அவனோ தன் பெயரை ஏறிட்டும் பாராமல், ஈரம் உலராத அவள் பெயரை விரலால் தடவித் தடவி, அதைப் படிக்க முடியாதபடி கலைத்துவிட்டான். இன்னொரு தாள் அச்சிட வேண்டியதாயிற்று.