கடுக்காய்ப் பையும் கல்யாணத் தேதியும்

“பொண்ணு எடுக்க வந்த வீட்டுல கடுக்காயா கொடுக்கிற? எனக்கேவா?”

சின்னராசா போட்ட சத்தத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த வரிசை வீடுகளில், அத்தனை கதவும் திறந்தன. நான் ஏற்கெனவே வெளியில்தான் நின்றேன். துணி காயப்போட வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். அவர் மகள் சுதர்சினியைக் கட்ட இருந்த ஜனகன், கல்யாணத் தேதி குறிக்க வந்தவன், வெற்றிலை பழத்தோடு ஒரு பை கடுக்காயும் கொண்டுவந்தான். மாமாவுக்கு இருமலாம், மருந்தாம், அவனே மரத்தில் பறித்ததாம். நல்ல பிள்ளைதான். லயத்துக்கு மேலே இருக்கும் புல்மலையில், அதுதான் பத்தனையில், தீ பரவாமல் புல் சீவிக் கோடு போடுவது அவன் வேலை. அங்கேயே கிடந்தவனுக்கு, கடுக்காய் கொடுப்பதென்றால் ஏமாற்றிவிட்டு நழுவுவது என்று யார் சொல்வது? சின்னராசாவின் காதில் சொன்னது அவர் அக்கா மகன் கிருஷ்ணராஜ். முறைமாப்பிள்ளை அல்லவா, அக்கறை இருக்காதா!

“மாமா, போன மாசம்தானே பத்தனை எரிஞ்சுச்சு? மரமெல்லாம் கரி. இது கடையில வாங்கினது” என்று இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டான்.

“மரத்துல பறிச்சதுங்க மாமா” என்றான் ஜனகன்.

“அப்போ காட்டு. மரத்துல காய் இருந்தா இன்னைக்கே தேதி. இல்லன்னா நடையைக் கட்டு.”

ஏறினோம். நாங்கள் ஏழெட்டுப் பேர், சும்மா துணைக்கு. கிருஷ்ணராஜ் காலில் வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியிலேயே முழங்கால்வரை சாம்பல்.

எரிந்த மானாப்புல்லின் அடியில் அதற்குள் பச்சை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் தள்ளித் தள்ளி, கோணல்மாணலாக, தீய்ந்த ரொட்டி மாதிரிப் பட்டையோடு நின்றன.

“செத்துப்போச்சு பாருங்க மாமா!” கிருஷ்ணராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கூடவே ஏறிவந்த சுதர்சினி யாரிடமோ, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வாங்கி ஒரு மரத்தைக் கீறினாள். கரி உதிர்ந்தது, உள்ளே ஈரம்.

“பட்டை தடிப்புப்பா. புல்லு நெருப்பு ஒரே ஓட்டமா ஓடிடும், உள்ள சுடாது. மேல பாருங்க.”

மேலே கொத்துக் கொத்தாகக் கடுக்காய்.

“ஏன்டி, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டேன். அவள் கத்தியில் ஒட்டிய கரியைத் துடைத்தாள். ஜனகன் வானத்தைப் பார்த்தான்.

சின்னராசாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தாழ்ந்த கிளையில் ஒன்றைப் பறித்துக் கடித்தார். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டது. “இந்தக் கல்யாணம்...” என்று தொடங்கியவருக்கு அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

“வைகாசி பத்து, சரிதானேப்பா?” என்றாள் மகள்.

கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினார். ஏழெட்டுச் சாட்சி இருந்தோம்.

வைகாசியில் தோட்டத்துக் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. ஜனகனும் சுதர்சினியும் இப்போது பிபிலைப் பக்கம், ஒரு மரக்கன்று நர்சரியில் வேலை. கிருஷ்ணராஜ் ஆவணியில் பண்டாரவளைக் கலாராணியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே குடிபோய்விட்டான். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாங்கள் சொல்கிறோம். தொழிலுக்காகப் போயிருக்கிறான் என்று அவன் அம்மா சொல்கிறாள்.