கதவைத் திறக்காதீர்கள், ஆறு மணி நேரம்

1.

இந்தக் கதை பழைய புத்தகக் கடையில் கிடைத்தது என்று சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள். உண்மை வேறு. ஓட்டை ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் காய்கறித் தட்டுக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது இந்தச் சமையல் குறிப்புப் புத்தகம். ஃபிரிட்ஜ் வீடுகளுக்குப் புதிதாக வந்த காலத்தில் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. முதல் பக்கத்தில், 'எழுதியவர்: எங்கள் சமையல் நிபுணர்.' பேர் கிடையாது.

பால் புட்டிங் குறிப்பில் மட்டும் ஒரு வரி: 'யார் வந்து கேட்டாலும் ஆறு மணி நேரத்துக்குக் கதவைத் திறக்காதீர்கள்.' நிபுணர் இப்படி எழுத மாட்டார். எரிச்சலில் இருக்கும் ஒரு பெண்தான் எழுதுவாள். அவளை எழுதாமல் விடப்போவதில்லை.

2.

அது ஒரு குளிர்ந்த காலை

(வேண்டாம். ஃபிரிட்ஜ் கதைக்குக் குளிர்ந்த காலையா? எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

அவள் அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மேனேஜர் சொன்னபடி முப்பது குறிப்புகள் எழுதி, ஒவ்வொன்றையும் கீழ்த்தளத்து ஷோரூம் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"புத்தகத்துல என் பேரு வரணும் சார்."

"எல்லாம் சரிம்மா, இந்தப் புட்டிங் மூணு தடவையும் கூழாப்போச்சே. நாளைக்கு நாலு மணிக்கு அச்சகத்துக்காரர் வர்றாரு. அதுக்குள்ள கெட்டியானா உன் பேரு. இல்லேன்னா 'சமையல் நிபுணர்'னு போட்டுடுவேன்."

3.

கோளாறு அவள் போட்ட அளவில் இல்லை, ஷோரூம் சேல்ஸ்மேனிடம் இருந்தது. வாடிக்கையாளர் வந்ததும் கதவைத் திறந்து உள்ளே பல்பு எரிவதைக் காட்டுவார். மூடுவார். மறுபடி திறப்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. மாலையில் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவார். மூன்று கிண்ணம் பால் வீணான பிறகுதான் அவளுக்கு இது உறைத்தது.

மறுநாள் பத்து மணிக்குப் புட்டிங்கை உள்ளே வைத்தாள். கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா, கஸ்டமர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும்ணே."

"லைட்டு எரியறதைக் காட்டணும்ல?"

"எரியுதுன்னு நான் சொல்றேன்ல. நம்பச் சொல்லுங்க."

(நாற்காலி கொஞ்சம் நாடகத்தனமோ? முதலில் அவளைக் கெஞ்சவைத்துத்தான் எழுதினேன். படிக்கச் சகிக்கவில்லை, கிழித்துவிட்டேன். உட்காரட்டும்.)

சாப்பாட்டுக்கும் எழவில்லை. ஃபிரிட்ஜ் பார்க்க வந்த ஓர் அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு துணைக்கு உட்கார்ந்துவிட்டார். "நாலு மணிக்கு நானும் பாத்துட்டே போறேன்."

நான்கு மணிக்குக் கதவைத் திறந்து, கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தாள். புட்டிங் ஆடியது. உடையவில்லை. மேனேஜர் ஒரு கரண்டி சாப்பிட்டார், சேல்ஸ்மேன் மூன்று கரண்டி. அவள் அங்கேயே அந்த ஒரு வரியைச் சேர்த்து டைப் அடித்து அச்சகத்துக்காரரிடம் கொடுத்தாள்.

4.

முடிவு ஒன்று: மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

(பொய். புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. பேர் இல்லை.)

முடிவு இரண்டு: அச்சான புத்தகத்தைப் பார்த்ததும் அவள் தலைகுனிந்து

(மாட்டேன். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவளைத் தலைகுனியவைக்க எனக்குக் கை வராது.)

ஏமாற்றினார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவளுக்கு நான் ஒரு பேர் வைத்திருக்கலாம். வைத்தால் அது நான் சும்மா ஒரு பேச்சுக்கு வைத்த பேர்தான். உங்களுக்கு அப்படியில்லை. தான் செய்த வேலைக்குத் தன் பேர் வராமல் போன ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரியும். இந்த வரியைப் படிக்கும்போதே ஞாபகத்துக்கு வந்திருப்பார்.

எழுதியவர்: ..............................

பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம்.