மாத்திரை தொடாத விரதம்

எங்களுக்குப் பிள்ளை வேண்டும் என்று அம்மா திருப்போரூர் முருகனிடம் வேண்டிக்கொண்ட அதே வாரத்தில், நான் கல்பாக்கத்து மருந்துக்கடையில் நிரோத் வாங்கிக்கொண்டிருந்தேன். சட்ராஸிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் வலை காய்வதற்குள் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிடும். அம்மா ஒரு பக்கம் கேட்க, நாங்கள் இன்னொரு பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்று தடுக்க, முருகனுக்கே பேஜாராகத்தான் இருந்திருக்கும். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். 2002 ஐப்பசியில் எனக்குச் சிரிப்பு என்பதே மறந்துபோயிருந்தது. தின்பதும் தூங்குவதும் பயத்தோடுதான்.

இப்போதைக்கு வேண்டாம் என்றது செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியின் நரம்பு டாக்டரம்மா. என் மனைவி பரிமளாவுக்கு வலிப்பு நோய். எங்கள் பக்கத்தில் காக்கா வலிப்பு என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவள் வீட்டில் ஒருத்தரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கல்யாணம் ஆன மாதத்திலேயே ஒரு விடியற்காலையில், அவள் பாயில் விறைத்துக் கைகால் உதறுவதைப் பார்த்தேன். கண் மேலே செருகி, வாயோரம் நுரை தள்ளியிருந்தது. நடுக்கடலில் காற்று மழையைப் பார்த்தவன்தான் நான். அன்றைக்குச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தவன், எழுந்து அவள் பக்கத்தில் போகக்கூட இல்லை.

தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது என்னைப் பற்றி இல்லை. "அத்த பார்த்தாங்களா?"

"இல்ல. மீன் கூடய எடுத்துகினு மார்க்கெட்டுக்கு பூட்ச்சி."

"சொல்லிடாத. என் தலமேல கை வெச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் பயந்ததில் தப்பே இல்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் செங்கம்மாள், தன் மருமகளுக்கு இதே நோய் என்று தெரிந்ததும் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பியவள். அது சரிதான் என்று குப்பத்தில் முதல் ஆளாகப் பேசியது என் அம்மா ஆதியம்மாள். அம்மா பேசினால் மீன் மார்க்கெட்டே அடங்கும். அதனால் பரிமளாவின் மாத்திரைகள் பவுடர் டப்பாவுக்குள் குடியேறின. அம்மாவுக்குப் பவுடர் என்றாலே ஆகாது. அந்த டப்பாவைத் தொடவே மாட்டாள்.

பிள்ளை வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது. "மொதல்ல டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுடலாம்" என்று சொன்னவள் பரிமளாதான். வலை வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு போனோம்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "குழந்தை தங்கின பிறகு ஓடி வர்றவங்கதான் அதிகம். நீங்க முன்னாடியே வந்திருக்கீங்க. இது ரொம்ப நல்லது" என்றார். இப்போது அவள் சாப்பிடும் மாத்திரை, வயிற்றில் வளரும் குழந்தையின் முதுகெலும்பையும் மூளையையும் பாதிக்கலாமாம். அந்தப் பாதிப்பு, குழந்தை தங்கியிருப்பதே நமக்குத் தெரியாத முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடுமாம். அதனால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் இப்போதிருந்தே சாப்பிட வேண்டும். எல்லாம் நிலைப்பட சில மாதங்கள் ஆகும், அதுவரை குழந்தை தங்கக் கூடாது என்றார்.

"ஒரு வேளைகூட மாத்திரையை விடக் கூடாது. நீங்களா நிறுத்தவே கூடாது. பட்டினி வேண்டாம். தூக்கம் கெடக் கூடாது. தனியா தண்ணில இறங்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க புகையிலை போடுவீங்களா?"

கன்னத்துக்குள் இருந்ததை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, "எப்பவாச்சும்" என்றேன்.

"விட்டுடுங்க. குடியும்தான். பிள்ளை பெத்துக்கப் போறது அவங்க மட்டும் இல்ல."

விட்டேன். அதற்குப் பிறகு சம்பத்தும் மற்ற கூட்டாளிகளும் கரையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மச்சான், சாமியாரா பூட்டியா?" என்று ஓட்டினார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. பரிமளாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. டாக்டரம்மா அத்தனை நேரம் பேசியதில் முதுகெலும்பு என்ற ஒரு சொல்தான் அவள் காதில் தங்கியிருந்தது. திரும்பி வரும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அது வளைஞ்சி பொறக்குமா, இல்ல முதுகெலும்பே இல்லாம பொறக்குமா?"

"அதுக்குத்தான மாத்தி குடுத்துக்கீறாங்க. பயப்படாத" என்றேன். அதற்குப் பிறகு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வாயில் போட்டுக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் சஷ்டி வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் ஆறு நாளும் விரதம் இருந்து, விடியலில் திருப்போரூர் சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டு, ஈரச் சேலையோடு சாமியைச் சுற்றி வந்தால் வயிறு திறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பொழுது சாய்ந்த பிறகு ஒரு டம்ளர் பாலும் பழமும் உண்டு. அதுவரைக்கும் வாயில் எதுவும் படக் கூடாது. பரிமளாவைக் கூட்டிக்கொண்டு போவதாக வேண்டிக்கொண்டாயிற்று என்று அம்மா அறிவித்தாள்.

"வாணாம்மா, ஒடம்பு தாங்காது" என்றேன்.

"எந்த ஒடம்பு? இவ ஒடம்புக்கு இன்னா?" என்று அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பரிமளா முந்திக்கொண்டு, "நான் இருக்கறேன் அத்த" என்றாள்.

உள்ளே போய் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். அம்மாவுக்குத் தெரியாமல் பழம் தின்பது, மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போட்டுக்கொள்வது. தண்ணீரில் அம்மாதான் கூட இருப்பாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முதல் நாள் "போட்டியா?" என்று கேட்டேன். "உம்" என்றாள். இரண்டாம் நாளும் "உம்" என்றாள்.

மூன்றாம் நாளும் அம்மாவும் அவளும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். கடல் கொந்தளிப்பு, போட்டெல்லாம் கரையில் கிடந்தன. கிளம்பும்போது பரிமளா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது மனதைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பவுடர் டப்பாவைத் திறந்தேன். பழையது தீர்ந்துபோய், விரதத்துக்கு முந்தின நாள் நான் வாங்கி வைத்த அட்டை, வாங்கியபடியே இருந்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை.

பழமும் தின்றிருக்க மாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக வெறும் வயிறு, விடியலில் எழுந்து அலைச்சல், மாத்திரையும் இல்லை. இந்நேரம் அவள் தண்ணீரில் நிற்பாள். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சம்பத் வீட்டுக்கு ஓடினேன். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவனுடைய பைக்கை எடுத்துவிட்டேன்.

மழை முகத்தில் அறைந்தது. மாமல்லபுரம் தாண்டிப் பூஞ்சேரியில் திரும்பும்போது ஒரு லாரியில் மோத இருந்தேன். டிரைவர் என் பரம்பரையையே திட்டினான். திருப்போரூர் திசையிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். அவளைக் கிடத்திக் கொண்டு வருகிறார்களோ என்றுதான். நீச்சல் தெரிந்த பெண்தான் அவள். வலிப்பு வந்துவிட்டால் நீச்சல் எதற்கு உதவும்? முழங்கால் தண்ணீர் போதும். முருகா, அவளை மட்டும் விட்டுடு என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். எனக்கு வெட்கமாக இல்லை.

குளத்துப் படியெல்லாம் மஞ்சள் சேலைகள். ஆளை அடையாளம் காண முடியவில்லை. கடைசியில் அம்மாவின் முதுகு தெரிந்தது. மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு அப்பால், மற்ற பெண்களைவிட உள்ளே தள்ளி, மார்பளவு தண்ணீரில் பரிமளா. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். எழுந்தாள். மறுபடி போனாள். அவள் தலை வெளியே வந்ததும் கத்தினேன்.

"பரிமளா, மேல வா."

என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் மூக்கைப் பிடித்தாள்.

அம்மா திரும்பினாள். "டேய், இன்னாத்துக்குக் கத்திகினு கீற? முழுக்கு இன்னும் முடியல."

"அவளுக்கு வலிப்பு கீதுமா. மூணு நாளா மாத்திர போடல. தண்ணிலயே வந்திச்சினா செத்துடுவா."

மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமளாவின் முகம் வெளுத்தது. அந்த நொடியில் என்னைவிடப் பெரிய எதிரி அவளுக்கு உலகத்தில் இருந்திருக்க முடியாது. அம்மா மாற்றுச் சேலையைப் படியில் போட்டுவிட்டு, கட்டிய சேலையோடு இறங்கிப்போய், மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

மண்டபத்தில் உட்கார வைத்தோம். பரிமளா நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இவன் சொல்றது நெசமா?"

"நெசந்தான் அத்த. ஏழாவது படிச்ச காலத்துலர்ந்து கீது."

அம்மா என்னைப் பார்த்தாள். "உனுக்கு எப்பத்துலர்ந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன மாசத்துலர்ந்து."

"தெரிஞ்சிகினே தண்ணில எறங்க வுட்டியா? எனுக்கு பயந்துகினு?"

நான் பரிமளா பக்கம் திரும்பி, "ஏன் போடல?" என்று கேட்டேன். கெஞ்சல் பாதி, கோபம் பாதி.

"வலிப்பு வந்தா எனுக்குத்தான வரும்?" என்றாள். "அத நான் தாங்கிப்பேன். மாத்திர போட்டா கொழந்தைக்கு எதனா ஆவும். சாமிக்கு இருக்கற நாள்லயாவது அந்த வெஷம் ஒடம்புல வாணாம்னு..."

பேச்சு அதோடு நின்றுவிட்டது. கண்கள் எங்கேயோ போயின. சேலை முந்தானையை விரல்கள் பிய்த்துப் பிய்த்து இழுத்தன. பிறகு அப்படியே விறைத்துச் சாய்ந்தாள். தலை கல்லில் படாமல் பிடித்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் சாவிக்கொத்தை நீட்டி, "கைல இரும்ப குடுப்பா" என்றார். "வாணா, டாக்டரம்மா எதுவும் குடுக்காதன்னாங்க" என்று அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது. எங்கள் சத்தியம், பவுடர் டப்பா, பொய் எல்லாமே அந்த இரண்டடிக்குப் பயந்துதான். இனி பரிமளா எங்கள் வீட்டுக்கு வர மாட்டாள், அவள் பிறந்த வீட்டுக்குப் பெட்டிதான் போகும் என்று நினைத்தேன்.

"பாவம், இத்த மறச்சி கட்டிக் குடுத்துட்டாங்க போல கீது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "உன் வூட்டுப் பொண்ணா? நவுரு. காத்து வர்ட்டும். எல்லாரும் நவுருங்க" என்றாள். மார்க்கெட்டில் கேட்கும் அதே குரல். ஜனம் விலகியது. ஈரத்தில் ஏறியிருந்த சேலையை இழுத்துப் பரிமளாவின் கால்களை மூடினாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தொடையில் வாங்கிக்கொண்டாள். உதறல் நிற்பதற்குள் என் ஆயுசில் பாதி போய்விட்டது.

வெகுநேரம் கழித்து நன்றாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவள், யார் மடியில் கிடந்தோம் என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அனுப்பப் போகிறார்களா என்று அவள் கேட்கவில்லை. அது முகத்திலேயே இருந்தது.

"முன்னயே சொல்லியிருந்தா உன்ன எடுத்திருக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "அது நெசம். பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது." தன் ஈர முந்தானையைப் பிழிந்தாள். "இப்ப எடுத்தாச்சி. எழுந்திரு. நேரா அந்த டாக்டரம்மாகிட்ட போவலாம்."

டீக்கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தாள். மாத்திரையைக் கொடு என்று என்னிடம் கையை நீட்டினாள். பரிமளா மாத்திரையைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணில் இருந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"விரதம் அத்த. அப்பறம் இத்த போட்டா, கொழந்தைக்கு..."

"எந்தக் கொழந்தைக்கு?"

"பொறக்கப்போற கொழந்தைக்கு."

"அது இன்னும் வர்ல" என்றாள் அம்மா. மாத்திரையை அவள் உதட்டருகே கொண்டுபோனாள். "நீ கீற. கீறவளத்தான் என்னால பார்த்துக்க முடியும். வாயத் தொற."

பரிமளா வாயைத் திறந்தாள்.