தீ சுடாத கால்

போன பங்குனியில் பூக்குழி இறங்கி வந்த என் வீட்டுக்காரர் தங்கபாண்டி, "ஏ லட்சுமி, இந்தத் தடவ சூடே தெரியலடி" என்றார். முன்னெல்லாம் இறங்கிவிட்டு வந்தால் நாலைந்து நாள் நொண்டுவார். அம்மன் முழுசாக ஏற்றுக்கொண்டாள் என்று எங்கள் ஊர் பந்தல்குடியே பேசியது. எங்கள் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள்கூட அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் பெருமையாகத்தான் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் டவுனுக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். மற்றது பஸ்ஸில் கழன்றது அவருக்கே தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சர்க்கரையையே மறந்துவிடுவார்.

அருப்புக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைக் குத்திக் குத்திப் பார்த்தார். இவர் கண்ணைத் திறக்காமலே, "எப்ப டாக்டர் குத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இத்தன வருஷ சர்க்கரையில கால் நரம்பு செத்துப்போச்சும்மா. முள்ளு குத்தினாலும் தெரியாது, வெந்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் கொறஞ்சிருச்சு, புண்ணு வந்தா லேசுல ஆறாது. அழுகிட்டா கால எடுக்க வேண்டி வரும். வெறுங்காலோட நடக்க விடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "அவரு படிச்சத அவரு சொல்றாரு. தீயில நடந்தது நானு" என்றார்.

இந்த வருஷமும் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் செருப்புப் போடக்கூடாது. கருவேல முள் கிடக்கிற பாதையெல்லாம் வெறுங்காலோடு நடந்தார். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் நான் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பூக்குழிக்கு முந்தின நாள், குதிகாலில் ஒரு முள் ஒடிந்து உள்ளே இருந்தது. சுற்றிலும் கறுத்து, லேசாக வாடை அடித்தது. ஊக்கால் தோண்டி எடுத்தேன். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

எழுப்பி முள்ளைக் காட்டினேன். "உங்க கால்ல விழுறேன், நாளைக்கி எறங்காதீங்க" என்று அழுதேன்.

முள்ளை வாங்கிப் பார்த்தார். "எம்புட்டுப் பெரிய முள்ளு. எனக்கு நோகாம ஆத்தா பாத்துக்கிட்டா பாத்தியா" என்றார். இவரிடம் என்னத்தைச் சொல்ல?

மறுநாள் மற்றவர்கள் குழியில் ஓடினார்கள். அவர் மட்டும் கடைக்குள் மூட்டை எடுக்கப் போவதுபோல நிதானமாக நடந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். கரையேறியதும் கோகிலாம்பாள் மதினி மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவினாள். சாம்பலோடு உள்ளங்கால் தோலும் அவள் கையோடு வந்தது. மதினி அதைக் கையில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கீழே பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தார்.

"பாத்தியா லட்சுமி, ஒண்ணுமே ஆகல."