பத்து அங்குலத்துக்கு ஒரு பை

ஷேர் ஆட்டோ போட்ட பிரேக்கில்தான் லேப்டாப் உடைந்தது என்று சுகப்பிரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மேனேஜர் பரசுராமன் ஒத்துக்கொள்ளவில்லை.

"லேப்டாப் யார் தோள்ல இருந்துச்சு? உன் தோள்லயா, ஆட்டோக்காரன் தோள்லயா?"

விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு லேப்டாப்பை நீட்டினார். "இதுவும் போச்சுன்னா பர்மனன்ட் ஆகறத மறந்துடு."

அது 2011. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வல்லக்கோட்டையில் வாடகை அறையில் தங்கியிருந்த சுகப்பிரியா, ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி டிரெய்னி. வாலாஜாபாத் ரோட்டில் இருந்த பட்டறைகளுக்குத் தினமும் போய், உதிரி பாகங்களை அளந்து, அங்கேயே லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். அதற்காகக் கொடுத்ததுதான் அந்தப் பத்து அங்குல லேப்டாப். பை மட்டும் கொடுக்கவில்லை. அவளிடம் இருந்த ரெக்சின் தோள்பை ஆட்டோவின் இரும்புக் கம்பியில் இடித்ததற்குத்தான் இத்தனை பேச்சும்.

அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் சேரப்பணஞ்சேரி ரஞ்சனி, தம்பியின் முதுகுப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சூப்பர் பேக்குடி. பன்னெண்டு ஜிப் கீது."

அந்தப் பன்னிரண்டு ஜிப்பையும் கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஏழாவது ஜிப்பில் கம்பெனி பஸ் கிளம்பிப் போனது. அடுத்த நாளும் அதே கதைதான். போதாததற்கு, அவ்வளவு பெரிய பைக்குள் சின்ன லேப்டாப் தீப்பெட்டியில் கிடக்கும் ஒற்றைக் குச்சி மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. துண்டு சுற்றி வைத்தாள். துண்டு ஒரு பக்கம் போனது, லேப்டாப் ஒரு பக்கம் போனது. மெல்லிய பட்டை அறுத்துத் தோள் சிவந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பைக்கடைக்குப் போனாள்.

"பெருசா வாங்கிக்கோம்மா. நாளைக்குப் பெரிய லேப்டாப் வாங்குவ இல்ல?" என்றார் கடைக்காரர்.

"நாளைக்கு வேலை இருக்கான்னே தெரியலண்ணே. சின்னதா காட்டுங்க."

சின்னதாக அவர் காட்டியதெல்லாம் பொம்மைப் படம் போட்ட பள்ளிக்கூடப் பை. ஒன்றில் பட்டை நூலாக இருந்தது. ஒன்றில் முதுகுப் பக்கம் வெறும் துணி. லேப்டாப்புக்குப் பதிலாகக் கடையிலிருந்த தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பைக்குள்ளும் போட்டுத் தரையில் வைத்துப் பார்த்தாள். எல்லாமே 'டொக்' என்றன. அடியில் பஞ்சே இல்லை.

"பேக் வாங்க வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியாம்மா?"

"இன்ஸ்பெக்‌ஷன்தாண்ணே என் வேலையே. மேல என்ன கிடக்கு?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டு ஸ்டூலில் ஏறினார். தூசியோடு ஒரு சாம்பல் நிறப் பையை இறக்கினார். "ரொம்பச் சின்னதுன்னு ஒருத்தரும் வாங்கல."

உள்ளே லேப்டாப்புக்கென்று தனி அறை. அது பையின் அடியைத் தொடாமல் ஒரு விரல்கடை மேலேயே நின்றிருந்தது. டிபன் பாக்ஸைப் போட்டு வைத்தாள். சத்தமே இல்லை. பிறகு கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பை வைத்து, மாட்டி, குனிந்து, கடைக்குள்ளேயே இரண்டு தரம் குதித்தாள். அசையவில்லை. அகலமான பட்டை தோளில் பாந்தமாக உட்கார்ந்தது. ஜிப்பும் இரண்டே இரண்டு.

திங்கட்கிழமை அந்தப் பையோடு நிம்மதியாக உள்ளே நுழைந்தால், பரசுராமன் மேஜைமேல் பளபளவென்று புதுப் பைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் கம்பெனி லோகோ. "ஆடிட் வருது. இனிமே எல்லாரும் இதத்தான் மாட்டணும்."

சுகப்பிரியா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மூன்று லேப்டாப் கொள்ளும் அகலம், அடியில் ஒற்றைத் துணி. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சார், உங்க லேப்டாப்ப இதுக்குள்ள வச்சு, முழங்கால் உசரத்துலருந்து கீழ விடுங்க. ஒண்ணும் ஆகலன்னா நான் இதையே மாட்டுதேன்."

அவர் நிஜமாகவே தன் லேப்டாப்பை எடுத்தார். பைக்குள் கை விட்டு அடியைத் தடவினார். லேப்டாப்பை மறுபடி மேஜைமேலேயே வைத்துவிட்டார்.

"லோகோ இல்லன்னா கேட்ல விடமாட்டாங்கம்மா" என்றார், குரல் இறங்கி.

"அப்ப லோகோதான் வேணுமா சார்?"

மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் கண் முன்னாலேயே கையிலிருந்த புதுப் பையின் லோகோவைச் சதுரமாக வெட்டினாள். "ஏய்!" என்று எழுந்தவர், ஏனோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ரஞ்சனி நூல் கோத்துக் கொடுக்க, சாம்பல் பையில் அதைத் தைத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அதுவரை லேப்டாப்பில் ஒரு கீறல் விழவில்லை. செக்யூரிட்டி மட்டும் தினமும் அந்த லோகோவைத் தடவிப் பார்த்து, "தையல் கோணலா கீதேம்மா" என்பார்.

"கோணலாவே இருக்கட்டும்ணே. பஸ் போகுது, விடுங்க!"